ஒரு லீவு, ஒரு சீசன்: எந்த மனவியல் த்ரில்லரைப் பார்ப்பது?

குடியாத்தத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, ரெண்டு நாள் லீவு வருது. நல்ல த்ரில்லர் சீரிஸா ஒண்ணு சொல்லுங்க. சும்மா வெட்டு குத்து வேணாம், மனசுக்குள்ள போயி நோண்டற மாதிரி இருக்கணும். ஆனா பக்கத்துல பொண்ணு இருப்பா, மாமியாரும் இருப்பாங்க." அவள் பெண்ணுக்கு 13 வயது.

நான் வேலை செய்வது வேலூரில் ஒரு லேபில். அதே வாரம், பழக்கமான நர்ஸ் ஒருத்தி நைட் டூட்டி முடிந்து டீ குடிக்கும்போது கேட்டாள். "சுழல் ரெண்டாவது சீசன் நல்லா இருக்குன்றாங்க. மொதல் சீசன் பாக்காம நேரா அதுக்குப் போலாமாக்கா?"

அப்புறம் ஆரணியில் இருக்கும் என் பெரியப்பா மகன். "அப்பாவுக்கு ஞாபகம் தப்பிகினே வருதும்மா. சாயந்திரமானா டிவி எதிர்ல உக்கார வெச்சிட்டு நானும் கூட உக்காந்துடுவேன். ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கற மாதிரி த்ரில்லர் இன்னா இருக்கு?"

மூவருக்கும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. இந்த வகைத் தொடர் ஆறு மணி நேரம் நம் பயத்துக்குள் கையை விட்டுத் துழாவுகிறது. பார்க்கப் போகிறவருக்கு என்ன பயம், பக்கத்தில் உட்காரப் போகிறவருக்கு என்ன பயம் என்று தெரியாமல் பெயர் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். அதனால் தமிழில் இருக்கும் ஐந்தை எடுத்து, எது யாருக்கு என்று எழுதுகிறேன். முடிச்சுகளை அவிழ்க்க மாட்டேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகச் சொல்வேன்.

எதை வைத்து அளப்பது

முதலில் நேரம். எட்டு எபிசோடு என்றால் ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஒரே மூச்சில் பார்த்தால் ஒரு ராத்திரி போய்விடும்.

இரண்டாவது, யாரோடு பார்க்கிறோம். ஐந்தில் நான்கைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. எல்லாவற்றிலும் கொலை இருக்கிறது, சிலவற்றில் அதைவிடக் கனமான விஷயம் இருக்கிறது.

மூன்றாவது, யார் செய்தார்கள் என்று தெரிந்த பிறகும் தொடர் நிற்கிறதா? ரகசியம் தெரிந்தவுடன் சப்பென்று ஆகிவிடும் தொடர்கள் நிறைய. நல்ல தொடரில், முடிவு தெரிந்து இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் எபிசோடில் சாதாரணமாகத் தெரிந்த ஒரு பார்வைக்கு வேறு அர்த்தம் வரும்.

நான்காவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்: மனசு சிதைந்த மனிதரை அந்தத் தொடர் எப்படிக் காட்டுகிறது. நம் ஊரில் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் கூடத் தங்கிப் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். என் சித்திக்காக நான் மூன்று வாரம் அப்படி இருந்திருக்கிறேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய அக்கா, அப்பா, மகன். காலையில் வெளியே உட்கார்ந்து தலை வாரிக்கொள்வார்கள், என் சித்திக்கும் வாரி விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த என்னால், "அவனுக்குப் பைத்தியம், அதனால் கொன்றான்" என்று கடைசிப் பத்து நிமிடத்தில் கணக்கை முடிக்கும் கதையை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கொலையாளியின் நோயைவிட, அவரைச் சுற்றி இருந்தவர்கள் எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்று கேட்கும் தொடர்தான் மனவியல் த்ரில்லர் என்ற பெயருக்குத் தகுதியானது.

கடைசியாகக் காசு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

| தொடர் | எங்கே | எப்போது | எபிசோடு | முக்கியமான எச்சரிக்கை |
|---|---|---|---|---|
| சுழல், சீசன் 1 | பிரைம் வீடியோ | ஜூன் 2022 | 8 | குழந்தைகளுக்கு எதிரான கொடுமை |
| சுழல், சீசன் 2 | பிரைம் வீடியோ | பிப்ரவரி 2025 | 8 | முதல் சீசன் பார்த்திருக்க வேண்டும் |
| வதந்தி | பிரைம் வீடியோ | டிசம்பர் 2022 | 8 | நிதானமான நடை |
| நவம்பர் ஸ்டோரி | ஜியோஹாட்ஸ்டார் | மே 2021 | 7 | மறதி நோயாளி இருக்கும் வீடு |
| விடாது கருப்பு | யூடியூப் | 1990களின் பின்பகுதி | பல வாரத் தொடர் | பழைய படத்தரம் |

சுழல், முதல் சீசன்

புஷ்கரும் காயத்ரியும் எழுதி உருவாக்கியது. பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். சாம்பலூர் என்ற கற்பனை ஊர், அங்கே ஒரு சிமெண்ட் ஆலை. ஓர் இரவில் ஆலை தீப்பிடிக்கிறது, அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் காணாமல் போகிறாள். சண்முகமாகப் பார்த்திபன், மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ், எஸ்.ஐ. சக்கரையாகக் கதிர், இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி.

வேலூர்க்காரர்கள் இதை மற்றவர்களைவிட ஒரு படி கிட்டத்தில் இருந்து பார்ப்பார்கள். கதை நடக்கும் நாட்களெல்லாம் அந்த ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. மாசி மாதம், மகா சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையில் பாலாற்றங்கரைக்குப் போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்காளம்மன் தேர்கள் ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் ஆற்றை நோக்கி வரும். காளி வேஷம் கட்டி, எலுமிச்சம்பழம் குத்திக்கொண்டு ஆடி வருவார்கள். சுண்டலையும் கொழுக்கட்டையையும் சூறை விடுவார்கள். சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை, சோற்றைச் சூறையிட்டுக் கீழே இறங்க வைத்து, அம்மன் காலால் மிதித்து அடக்கிய கதைதான் அதன் அடியில் இருக்கிறது. ஒட்டிக்கொண்டு விடாத ஒன்றை எப்படி விலக்குவது என்பது அந்தத் திருவிழாவின் கேள்வி. சீசனின் கேள்வியும் அதுதான். நம் ஊரில் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து காளி வேஷத்தைப் பார்த்து அலறியவர்களுக்கு அந்த மேளச் சத்தம் வேறு இடத்தில் போய் அடிக்கும்.

சந்தேகம் ஒவ்வொரு எபிசோடிலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது. நடுவில் ஓரிரு திருப்பங்கள் அடுத்த எபிசோடுக்கு இழுக்க மட்டுமே வைக்கப்பட்டவை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் முடிவு ஏமாற்றவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது, நந்தினி வீட்டுக்குள் நுழையும்போது எங்கே நிற்கிறாள், யார் பக்கம் பார்க்காமல் இருக்கிறாள் என்று பார்க்கவே தனியாக நேரம் போதவில்லை. கடவுளை மறுக்கும் அப்பாவும் திருவிழாவே கதி என்று இருக்கும் அம்மாவும் பிரிந்து வாழ, இருவருமே மகளுடைய மனதில் என்ன இருந்தது என்று தெரியாமல் நிற்பது நம் வீடுகளில் நடக்கிற விஷயம்.

இப்போது, கூடுதலாகச் சொல்கிறேன் என்றேனே, அது. இந்தக் கதையில் குழந்தைகள் மேல் நடக்கும் பாலியல் கொடுமை இருக்கிறது. யார், எங்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கிறது என்பதை முன்பே தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. அப்படி ஒன்றைத் தன் வாழ்க்கையில் சுமந்துகொண்டிருப்பவருக்கு, தகவல் இல்லாமல் நடு ராத்திரியில் இந்தக் காட்சி முன்னால் வந்து நிற்கக் கூடாது. அதே நேரத்தில், வளர்ந்த பிள்ளைகள் உள்ள பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டிய சீசன் இது. முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். அப்புறம் பிள்ளையோடு பேசுங்கள். பேசும்போது பிள்ளை ஏதாவது சொன்னால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லா நேரமும் இருக்கிறது.

சுழல், இரண்டாம் சீசன்

ஊரும் திருவிழாவும் மாறிவிட்டன. கடலோரக் காளிபட்டினம், அஷ்டகாளித் திருவிழா. மூத்த வழக்கறிஞர் செல்லப்பா கொலை செய்யப்படுகிறார். அவராக லால் நடித்திருக்கிறார். சந்தேகம் எட்டு இளம் பெண்கள் மேல் விழுகிறது. சக்கரை விசாரிக்கிறான். இயக்கம் பிரம்மாவும் சர்ஜுனும்.

இதை மட்டும் தனியாகப் பார்க்கலாமா என்றால், கொலைக் கதை புரியும். ஆனால் முதல் எபிசோடே முதல் சீசனின் முடிவைப் போட்டு உடைத்துவிடும். அப்புறம் திரும்பிப் போய் முதல் சீசனைப் பார்த்தால் பாதி ருசிதான். நந்தினியின் முகத்தில் இருக்கும் களைப்புக்குக் காரணம் தெரியாமல் பார்ப்பது, நடுவிலிருந்து கடிதம் படிப்பது போல.

இந்தச் சீசனில் என்னைப் பிடித்தது பெண்கள் சிறை. தொரப்பாடி வழியாகப் பஸ்ஸில் போகிற நமக்கு அந்த உயரமான சுவர் தினசரிக் காட்சி. உள்ளே பெண்களுக்கென்று தனிச் சிறை இருக்கிறது என்பது தெரியும், அதற்கு மேல் யோசித்ததில்லை. பெண்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் காவலாக நிற்கிறார்கள் என்பதில் இந்தச் சீசன் வலுவாக இருக்கிறது. மர்மம் என்ற அளவில் முதல் சீசனைவிடக் கொஞ்சம் தளர்வு. எட்டுப் பேருக்கும் கதை சொல்ல வேண்டியிருப்பதால் யாரிடமும் போதுமான நேரம் தங்க முடியவில்லை.

முதல் சீசன் பார்த்து, நந்தினிக்கு என்ன ஆயிற்று என்ற தவிப்போடு இருப்பவர்களுக்கு இதுதான் சரி. மற்றவர்கள் பொறுக்கலாம்.

வதந்தி

ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கியது, புஷ்கர், காயத்ரி தயாரிப்பு. கன்னியாகுமரி பக்கம் நடக்கிறது. சினிமா படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கிறது. யாரோ நடிகை என்று முதலில் செய்தி பரவுகிறது. அவள் பெயர் வெலோனி என்று தெரிகிறபோது, அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எஸ்.ஐ. விவேக்காக எஸ்.ஜே. சூர்யா, வெலோனியாகச் சஞ்சனா, அவள் அம்மா ரூபியாக லைலா, எழுத்தாளராக நாசர்.

கேட்பவர்கள் குறைவு என்றாலும், ஐந்தில் மனசைப் பற்றி உண்மையாகவே பேசுவது இதுதான் என்று நான் நினைக்கிறேன். கொன்றவனின் மனசைவிட, செத்துப்போன பெண்ணைப் பற்றிப் பேசுகிறவர்களின் மனசு. ஒருத்தி உயிரோடு இல்லை, பதில் சொல்ல வர மாட்டாள் என்று தெரிந்ததும் ஊர் வாய் எவ்வளவு தைரியமாக ஆகிவிடுகிறது! எங்கள் தெருவில் ஒரு பெண் வீட்டை விட்டுப் போனபோது, மறுநாள் காலை பால் பூத்தில் நின்ற பத்து நிமிடத்தில் நான் மூன்று காரணங்கள் கேட்டேன். சொன்ன மூவருமே அவளோடு ஒரு நாளும் பேசியவர்கள் இல்லை. வதந்தியைப் பார்த்தபோது அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது. நான் எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் பால் வாங்கிக்கொண்டு வந்ததும் ஞாபகம் வந்தது.

விவேக்கின் நிலைமையும் கவனிக்க வேண்டியது. வழக்கு அவனை விழுங்குகிறது, வீட்டில் மனைவி தனியாக நிற்கிறாள். வேலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வீட்டுக் காட்சிகளைத் தாண்டிவிடாமல் பாருங்கள்.

குறை என்னவென்றால், நீளம். வேறு வேறு வாய்களிலிருந்து அதே கதை வருவதால், அரைத் தூக்கத்தில் பார்த்தால் எது நடந்தது, எது சொல்லப்பட்டது என்று குழம்பிவிடும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்க இது ஆகாது. லீவு நாளில், பகலில், போனை எட்ட வைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு இது கொடுப்பது அதிகம்.

நவம்பர் ஸ்டோரி

ஐந்தில் சின்னது. ஏழு எபிசோடு. குற்றக் கதைகள் எழுதிப் பேர் வாங்கிய கணேசனுக்கு அல்சைமர் நோய். ஒரு கொலை நடந்த வீட்டில் அவர் இருக்கிறார், என்ன நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மகள் அனுராதா அவரைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அப்பாவாக ஜி.எம். குமார், மகளாகத் தமன்னா. பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டராகப் பசுபதி வருகிறார். அவர் வரும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம்.

தமன்னாவின் கணினித் திறமை சம்பந்தமான காட்சிகள் எனக்கு ஒட்டவில்லை. அப்பாவும் மகளும் இருக்கும் காட்சிகள் ஒட்டின. ஞாபகம் இல்லாதவர் குற்றவாளியா, சாட்சியா, பாதிக்கப்பட்டவரா என்ற கேள்வியைத் தொடர் கடைசி வரை கைவிடவில்லை.

ஆனால் வீட்டில் மறதி நோயோடு ஒருவர் இருந்தால், அவரை உட்கார வைத்துக்கொண்டு இதைப் போடாதீர்கள். சத்தம், ரத்தம், பயந்த முகங்கள், தன்னைப் போலவே தடுமாறும் ஒரு கிழவர், எல்லாமே அவரைக் கலக்கும். பார்த்துக்கொள்கிற மகனோ மகளோ தனியாகப் பார்க்கலாமா? அது அவரவர் மனநிலையைப் பொறுத்தது. சிலருக்கு ஆறுதலாக இருக்கும், சிலருக்கு நாளெல்லாம் செய்கிற வேலையை ராத்திரியும் செய்வது போல இருக்கும்.

விடாது கருப்பு

இதைச் சீசன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மர்ம தேசம் வரிசையில், 'ரகசியம்' என்ற தொடருக்கு அடுத்து வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்துச் சன் டிவியில் வந்தது. எழுதியவர் 2024 நவம்பரில் காலமானார். சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்தார்கள்.

ஊரில் தப்பு செய்கிறவர்கள் சாகிறார்கள், கருப்பசாமி தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது. சாமியா, மனிதனா? அன்றைய காலமும் பழைய காலமும் மாறி மாறி வரும். இன்று வெப் சீரிஸில் புதுமை என்று பேசப்படுகிற பல உத்திகளை அப்போதே செய்துவிட்டார்கள். சாமி கதையாக ஆரம்பித்து மனசின் கதையாக முடிகிற விதம் இன்றைக்கும் நிற்கிறது. ஊரின் நம்பிக்கையைக் கேலி செய்யாமலே அதைக் கேள்வி கேட்க முடியும் என்று காட்டிய தொடர்.

இன்று பார்க்க இரண்டு தடைகள். படத்தரம் பழையது, பெரிய டிவியில் மங்கலாக இருக்கும். நீளமும் அதிகம். இரண்டு நாளில் முடியாது, முடிக்க முயலவும் வேண்டாம். சின்னச் சின்ன எபிசோடுகள், தினம் ஒன்றோ இரண்டோ போதும். ஐந்தில் பெரியவர்களோடு கூச்சமில்லாமல் உட்கார்ந்து பார்க்க முடிவது இது ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் பயப்படலாம், ஆனால் முகத்தைத் திருப்ப வைக்கும் காட்சிகள் இல்லை.

கணக்கில் வராத செலவு

சந்தா எவ்வளவு என்று எல்லோரும் பார்க்கிறோம். ஒரு தொடருக்காகச் சந்தா போட்டுவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்த மறப்பதுதான் பெரிய செலவு. சேர்ந்த அன்றே அதை நிறுத்தி வைத்துவிடுங்கள். கட்டிய காலம் முடியும் வரை பார்க்கலாம். உங்கள் மொபைல் ரீசார்ஜிலோ வீட்டு இன்டர்நெட் திட்டத்திலோ ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். பிரைமில் 2025 ஜூன் முதல் சாதாரணச் சந்தாவிலும் விளம்பரம் வருகிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சோப்பு விளம்பரம் வந்தால் எழுதியவர்கள் கட்டிய பதற்றம் போய்விடும். போனில் பார்க்கிறவர்களுக்குத் தினசரி டேட்டா, நல்ல தரத்தில் ஓரிரு எபிசோடுக்குள் தீர்ந்துவிடும்.

ஆனால் உண்மையான செலவு தூக்கம். அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். இந்தத் தொடர்களின் எபிசோடு முடிவுகள் எழுந்து போகவிடாமல் செய்வதற்காகவே எழுதப்பட்டவை. அதனால் எபிசோடு முடிவில் நிறுத்தாமல், அடுத்த எபிசோடின் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துவது என் வழக்கம். முந்தைய முடிவின் பதற்றம் அதற்குள் தணிந்துவிடும், படுத்தால் தூக்கம் வரும். வேலூர் கோடையில் எப்படியும் ராத்திரி 12 மணி வரை சுவர் சூடு இறங்காது, தூக்கம் வராமல் போனை எடுப்போம். அப்படி எடுக்கிற நேரத்தில் புதிதாக இதில் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

நான் சொன்னது

நாத்தனாரிடம், லீவில் எல்லோரும் சேர்ந்து விடாது கருப்பு ஆரம்பியுங்கள் என்றேன். சுழல் முதல் சீசனை அவளும் அவள் கணவரும் மட்டும், பெண் தூங்கிய பிறகு பார்க்கட்டும். பெண்ணுக்கு எப்போது காட்டலாம் என்பது அவர்கள் பார்த்த பிறகு அவர்களுக்கே தெரியும்.

நர்ஸ் தங்கையிடம் நேராக, வேண்டாம், முதல் சீசனிலிருந்து போ என்றேன். டூட்டி வாரத்தில் ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் தூங்கி எழுந்த பிறகு. வதந்தி அடுத்த ஆஃப் வரும்போது.

ஆரணிக்கு நவம்பர் ஸ்டோரி கூடாது என்றும், விடாது கருப்பு போட்டுப் பார் என்றும் சொன்னேன். நான்கு நாள் கழித்து அவன் போன் செய்தான். பெரியப்பாவுக்குக் கதை எதுவும் பிடிபடவில்லையாம். ஆனால் ஆரம்பப் பாட்டும் குதிரையும் வந்ததும், 25 வருஷத்துக்கு முன்னால் தினமும் கேட்ட மாதிரியே, அடுப்படிப் பக்கம் திரும்பி, "பின்கதவு தாழ்ப்பாள் போட்டாச்சா?" என்று பெரியம்மாவைப் பெயர் சொல்லிக் கேட்டாராம். இரண்டு மாதமாக அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.